வட சென்னையின் வெளிர் சாம்பல்: நிலக்காட்சியில் டோனும் காம்போசிஷனும் பழகுவதற்கு ஒரு முழுமையான வழிகாட்டி

வட சென்னைக்குக் கேமராவோடு வருகிறவர்கள் பலரும் படத்தின் நிறத்தை வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு வருகிறார்கள். இருட்டாக, பழுப்பாக, நிழலெல்லாம் கருப்பில் மூழ்கியபடி. சினிமா பழக்கிவிட்ட நிறம் அது. எண்ணூரில் காலை ஏழு மணிக்கு நின்று பாருங்கள். கடல் ஈரமும் உப்பும் புகையும் சேர்ந்து வானத்தை வெளிர் சாம்பலாக்கி வைத்திருக்கும். வெளிச்சம் எல்லாப் பக்கமிருந்தும் வரும், நிழல் மெலிந்து கிடக்கும், தூரத்துப் புகைபோக்கி வானத்தில் பாதி கரைந்திருக்கும். இந்த ஊரின் இயல்பான டோன், அதாவது வெளுப்பும் கருப்பும் கலந்திருக்கும் அளவு, வெளிச்சமானது. அதைக் கருப்பாக்கிக் காட்டும்போது, இங்கே வாழ்கிறவர்களின் ஊரையே நாம் இருட்டில் தள்ளுகிறோம் என்று நினைக்கிறேன்.

அந்த வெளிர் சாம்பலை அப்படியே படத்துக்குள் கொண்டுவரப் பழகுவதற்குத்தான் இந்த வழிகாட்டி. கிட் லென்ஸோடு வந்த ஒரு சாதாரண கேமரா போதும். புரோ மோட் உள்ள போன் இருந்தாலும் பெரும்பாலான படிகளைச் செய்யலாம்.

முதல் படி: ஒரே ஓர் இடம்

ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர், புழல் என்று ஒரே நாளில் சுற்றினால் ஐந்து இடத்தின் அடையாளப் படங்கள் கிடைக்கும். டோன் பிடிபடாது. ஒரே காட்சி வெவ்வேறு வெளிச்சத்தில் எப்படி மாறுகிறது என்று பார்த்தால்தான் அது பிடிபடும். அதனால் ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்து, இரண்டு மூன்று மாதம் அதையே திரும்பத் திரும்ப எடுங்கள்.

நான் முதலில் சொல்வது எண்ணூர் முகத்துவாரம். கொசஸ்தலையாறு கடலில் சேரும் இடம். ஒரு பக்கம் நெட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம். ஆற்றுக்கு அந்தப் பக்கம் வடசென்னை அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள். தண்ணீர், சேறு, படகு, கம்பம், புகைபோக்கி, வானம் என்று ஆறு அடுக்கு சாம்பல் ஒரே சட்டகத்துக்குள் வந்துவிடும். டோன் பழக இதைவிட நல்ல இடம் சென்னையில் எனக்குத் தெரியாது.

அடுத்தது திருவொற்றியூர் கடற்கரை. கடலுக்குள் நீட்டிக் கொட்டியிருக்கும் கருங்கல் தூண்டில் வளைவுகள் அங்கே இருக்கின்றன. அவை ஏன் அங்கே வந்தன என்று தெரிந்துகொண்டு எடுத்தால் படம் வேறு மாதிரி வரும். நம் கரையில் ஆண்டு முழுவதும் கூட்டிப் பார்த்தால் மணல் தெற்கிலிருந்து வடக்காக நகர்கிறது. சென்னைத் துறைமுகத்தின் சுவர் அதை மறித்துவிட்டது. தெற்கே மெரினாவில் மணல் சேர்ந்தது, வடக்கே ராயபுரத்திலிருந்து கரை அரித்தது. அந்த அரிப்பைத் தடுக்கக் கொட்டிய கற்கள்தான் இவை. அந்தக் கரையில் கல்லும் அலையும் மட்டும் இருக்கிற ஒரு படத்திலேயே துறைமுகத்தின் கதை இருக்கிறது.

படகும் கூட்டமும் வேண்டுமென்றால் காசிமேடு. மேற்கு வெளிச்சமும் அமைதியான தண்ணீரும் வேண்டுமென்றால் புழல் ஏரி. கட்டடம் பழக வேண்டுமென்றால் ராயபுரம் ரயில் நிலையம். தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856-இல் அங்கிருந்துதான் கிளம்பியது, அந்தத் தூண்களில் காலை வெயில் சாய்வாக விழுவதைப் பார்க்கலாம்.

இடம் முடிவாகாதவர்கள் சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டி போகும் மின்சார ரயிலில் ஒரு காலை ஏறுங்கள். தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், விம்கோ நகர், கத்திவாக்கம், எண்ணூர் என்று போகும். எண்ணூர் தாண்டி அத்திப்பட்டு புதுநகர் வருவதற்குள் ஆற்றைக் கடக்கும். வலது பக்க ஜன்னலில் உட்கார்ந்து பாருங்கள். எந்த இடத்தில் இறங்கத் தோன்றுகிறதோ அதுதான் உங்கள் இடம்.

இரண்டாவது படி: சூரியனைக் கணக்கில் எடுப்பது

கிழக்குக் கடற்கரை என்றால் சூரியன் கடலில் உதிக்கும் என்பதோடு பலர் நிறுத்திக்கொள்கிறார்கள். எந்தப் புள்ளியில் உதிக்கும் என்பதுதான் காம்போசிஷனை, அதாவது சட்டகத்துக்குள் எது எங்கே வரும் என்பதை, முடிவு செய்கிறது. ஜூனில் நேர்கிழக்கிலிருந்து சுமார் 24 டிகிரி வடக்கே தள்ளி உதிக்கும், டிசம்பரில் ஏறக்குறைய அதே அளவு தெற்கே. மொத்தம் 48 டிகிரி வித்தியாசம். கிட் லென்ஸை முழுக்க அகலமாக வைத்தால்கூட, ஜூனில் சட்டகத்தின் இடது பக்கம் நின்ற சூரியன் டிசம்பரில் வலது பக்கத்துக்குப் போய்விடும். திருவொற்றியூரில் ஒரு தூண்டில் வளைவின் நுனியில் சூரியன் சரியாக வந்து உட்கார வேண்டுமென்றால், அந்த வளைவு எந்தத் திசையைப் பார்க்கிறது என்று போனில் உள்ள திசைகாட்டியில் பார்த்து, மாதத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

நேரமும் நகரும். ஜூனில் 5.45-க்கு முன்பே உதித்துவிடும். ஜனவரியில் 6.30 தாண்டித்தான். உதிப்பதற்கு அரை மணி முன்பே போய் நில்லுங்கள், டோனுக்கு அந்த அரை மணிதான் முக்கியம். சூரியன் மேலே வந்தவுடன் ஒரு பக்கம் வெளுத்துவிடும்; அதற்கு முன் வானமும் தண்ணீரும் ஏறக்குறைய ஒரே அளவு வெளிச்சத்தில் இருக்கும்.

பனிமூட்டம் மாதிரி தெரியும் அந்த மங்கலுக்கு ஒரு காரணம் உண்டு. காற்றில் மிதக்கும் உப்புத் துகள்கள் ஈரப்பதம் ஏறும்போது தண்ணீரை உறிஞ்சிப் பருத்துவிடும். பருத்த துகள் வெளிச்சத்தை அதிகமாகச் சிதறடிக்கும். அதனால்தான் ஈரம் கூடிய விடிகாலையில் தூரத்துப் பொருள் அதிகம் வெளுக்கிறது, வெயில் ஏறி ஈரம் குறைந்ததும் தெளிகிறது. மங்கல் வேண்டும் என்றால் மார்கழி, தை விடிகாலை. மங்கலே வேண்டாம், புகைபோக்கியின் ஒவ்வொரு வளையமும் தெரிய வேண்டும் என்றால் ஐப்பசி, கார்த்திகையில் நல்ல மழை விட்ட மறுநாள். இரண்டையும் ஒரே இடத்தில் நின்று எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள், டோன் பாடம் பாதி முடிந்துவிடும்.

உச்சி வெயிலில் கேமராவை மூடிவிடு என்று எல்லோரும் சொல்வார்கள். நான் சொல்ல மாட்டேன். ஏப்ரல் 24, 25 வாக்கிலும் ஆகஸ்ட் 18 வாக்கிலும் சென்னையில் சூரியன் நேர் உச்சிக்கு வரும். பகல் பன்னிரண்டு மணி தாண்டிச் சில நிமிடத்தில் கம்பத்துக்கு நிழலே இருக்காது. காய வைத்த வலை, கருவாடு பரப்பிய தார்ப்பாய், கவிழ்த்து வைத்த கூடைகள் எல்லாம் நிழல் இல்லாத வெறும் வடிவங்களாகிவிடும். வடிவத்தை மட்டும் வைத்துச் சட்டகம் அமைக்கப் பழக இது நல்ல நேரம். தண்ணீர் பாட்டிலும் தொப்பியும் மறக்க வேண்டாம்.

மூன்றாவது படி: கேமரா அமைப்பு

இதில் அதிகம் யோசிக்க ஒன்றுமில்லை. சென்சார் பதிந்ததைத் திருத்தாமல் அப்படியே சேமிக்கும் ரா ஃபார்மட்டில் எடுங்கள். போன் என்றால் புரோ மோடில் டிஎன்ஜி, அதுவும் ஒரு ரா கோப்புதான். சாதாரண ஜேபெக்கில் கேமராவே கான்ட்ராஸ்ட்டை ஏற்றி மங்கலைத் தின்றுவிடும். போனில் தானாக ஓடும் எச்டிஆரை நிறுத்த முடிந்தால் நிறுத்துங்கள், அது ஒவ்வொரு அடுக்கையும் தனித்தனியாகக் கூர்மையாக்கி அடுக்குகளின் இடைவெளியைக் கெடுக்கும். லென்ஸ் துளையின் அளவை நாமே வைக்கும் அப்பர்ச்சர் மோடில் எஃப் 8, ஒளி உணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓ 100 அல்லது 200. காசிமேட்டில் விடியுமுன் எடுத்தால் ஐஎஸ்ஓ 1600, 3200 வரை தாராளமாகப் போகலாம். ஹிஸ்டோகிராமை, அதாவது இடது முனையில் கருப்பும் வலது முனையில் வெள்ளையுமாக வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடத்தை, திரையில் தெரியும்படி வையுங்கள். கட்டம் போட்ட கிரிட் கோடுகளையும் போடுங்கள், கடல் விளிம்பு சாய்ந்த படத்தை எந்த டோனும் காப்பாற்றாது.

ஒன்று மட்டும் கவனம். ஏசி அறையிலிருந்து நேராகக் கடற்கரைக்குக் கேமராவைக் கொண்டுவந்தால் லென்ஸில் ஈரம் பூத்துவிடும். பையை மூடியபடியே வெளியில் அரை மணி வைத்திருந்து பிறகு திறங்கள்.

நான்காவது படி: சாம்பலை எண்ணப் பழகுவது

கேமராவுக்குள் வெளிச்சத்தை அளக்கும் மீட்டருக்கு ஒரே ஒரு வேலைதான் தெரியும். எதைக் காட்டினாலும் அதை நடுத்தரச் சாம்பலாக்கிவிடும். வெள்ளைக் கொக்கைக் காட்டினால் சாம்பல் கொக்கு, கருங்கல்லைக் காட்டினால் சாம்பல் கல். எனவே எது எவ்வளவு வெளுப்பாக இருக்க வேண்டும் என்பதை நாம்தான் சொல்ல வேண்டும்.

ஆன்சல் ஆடம்ஸும் ஃப்ரெட் ஆர்ச்சரும் 1940 வாக்கில் உருவாக்கிய ஸோன் சிஸ்டம் இதற்குத்தான். முழுக் கருப்பு 0, முழு வெள்ளை 10, நடுவில் 5. ஒவ்வொரு படிக்கும் ஒரு ஸ்டாப் வித்தியாசம், அதாவது வெளிச்சம் இரட்டிப்பு. ஃபிலிம் காலத்துக் கணக்கு என்று ஒதுக்க வேண்டாம். கண்ணைப் பழக்க இதைவிட எளிய வழி இன்றும் இல்லை.

முகத்துவாரத்தில் நின்று இந்தப் பயிற்சியைச் செய்யுங்கள். கேமராவைத் தொடாமல் காட்சிக்கு எண் கொடுங்கள். தார் பூசிய படகின் அடிப்பாகம் 2. ஈரச் சேறு 3 அல்லது 4. காய்ந்த சேறு 5. தண்ணீர் 6. தூரத்துப் புகைபோக்கி 6, கொஞ்சம் மேலே. வானம் 7. கொக்கு 8. இப்போது கவனியுங்கள்: இந்தக் காட்சியில் 0, 1 என்று எதுவுமே கிடையாது. 9, 10 என்றும் கிடையாது. எல்லாம் 2-க்கும் 8-க்கும் நடுவே, அதிலும் பெரும்பகுதி 5-க்கும் 7-க்கும் நடுவே நெருக்கிக்கொண்டிருக்கிறது. வட சென்னையின் காலை வெளிச்சம் என்றால் இதுதான்.

பிறகு எடுங்கள். வானம் சட்டகத்தில் பாதிக்கு மேல் இருந்தால் மீட்டர் அதை 5 ஆக்கி எல்லாவற்றையும் இருட்டாக்கும். மீட்டர் சொன்னதைவிடக் கூட்டவோ குறைக்கவோ உதவும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனைப் பிளஸ் 1 வையுங்கள், சில நாள் பிளஸ் ஒன்றரைகூடத் தேவைப்படும். திருவொற்றியூரில் சட்டகம் நிறையக் கருங்கல் இருந்தால் நேர்மாறாக மைனஸ் 1. போனில் என்றால் திரையை அழுத்திப் பிடித்துப் பூட்டிவிட்டு விரலை மேலேயோ கீழேயோ இழுப்பது. ஹிஸ்டோகிராமில் மலை வலது பக்கம் சாய்ந்திருக்க வேண்டும், வலது சுவரைத் தொடக்கூடாது. இடது பக்கம் காலியாக இருந்தால் பதற வேண்டாம், அங்கே நிரப்ப ஒன்றும் இல்லை.

ஒவ்வொரு காட்சியையும் மீட்டர் சொன்னபடி ஒன்று, ஒரு ஸ்டாப் கூட்டி ஒன்று, ஒரு ஸ்டாப் குறைத்து ஒன்று என மூன்றாக எடுத்து வையுங்கள். வீட்டுக்கு வந்து மூன்றையும் பார்த்து, உங்கள் நினைவில் இருக்கும் காலைக்கு எது நெருக்கம் என்று எழுதிவையுங்கள். ஒரு மாதத்தில் மூன்று எடுக்கத் தேவையே இருக்காது.

ஐந்தாவது படி: சட்டகத்துக்குள் எதை எங்கே வைப்பது

மூன்றில் ஒரு பங்கு விதி எல்லோருக்கும் தெரியும். அது தவறில்லை, ஆனால் டோன் நெருக்கமாக இருக்கும் காட்சியில் அது இரண்டாம் பட்சம். முதல் கேள்வி இதுதான்: இரண்டு பொருள்களுக்கு நடுவே இடைவெளி இருக்கிறதா? ஒரே சாம்பலில் இருக்கும் இரண்டு வடிவங்கள் ஒன்றையொன்று தொட்டால் இரண்டும் சேர்ந்து ஒரு கறையாகிவிடும். வெயிலில் நிறம் அவற்றைப் பிரித்துக் காட்டும். மங்கலில் இடைவெளி மட்டும்தான் பிரிக்கும்.

ஓர் எடுத்துக்காட்டு. தண்ணீர் வற்றிய நேரம். சேற்றில் ஒரு ஃபைபர் படகு ஒருக்களித்துக் கிடக்கிறது. மூக்கு வடக்கே நீட்டியிருக்கிறது. அதன் பின்னால் தூரத்தில் மூன்று புகைபோக்கி. நின்ற இடத்திலிருந்து பார்த்தால் படகின் மூக்கு நடுப் புகைபோக்கியின் அடியைத் தொடுகிறது. படகிலிருந்து புகைபோக்கி முளைத்தது மாதிரி இருக்கும். இரண்டடி இடது பக்கம் நகருங்கள். மூக்கு இரண்டு புகைபோக்கிக்கு நடுவே உள்ள வெற்று வானத்துக்கு வந்துவிடும். ஆனால் இப்போது படகில் கட்டிய கயிறு அடுத்த கம்பத்தோடு சேர்கிறது. குனியுங்கள். முட்டிபோட்டு இன்னும் அரையடி நகர்ந்தால் படகின் விளிம்பு ஆற்றின் அக்கரைக் கோட்டுக்கு மேலே எழும்பி வானத்தில் தனியாக நிற்கும், கயிறும் கம்பத்தைவிட்டு விலகிவிடும். இன்னும் கொஞ்சம் பின்னால் போனால் முன்னால் ஒரு குட்டை தண்ணீர், அதில் மூக்கின் பிரதிபலிப்பு. அந்தக் குட்டை முழுதாகச் சட்டகத்துக்குள் இருக்க வேண்டும், ஓரத்தில் வெட்டுப்படக் கூடாது. இவ்வளவுக்கும் ஜூமைத் தொடவே இல்லை. காம்போசிஷன் என்பது பெரும்பாலும் காலும் முட்டியும் செய்கிற வேலை.

ஜூம் எதற்கு என்றால், அடுக்குகளை நெருக்கிக் காட்ட. படகுக்கு மிக அருகில் அகல லென்ஸோடு நின்றால் படகு பெரிது, புகைபோக்கி குச்சி. முந்நூறு அடி பின்னால் போய் 200 மி.மீ-இல் பார்த்தால் புகைபோக்கி படகின் தலைக்கு மேல் மலையாக எழும். இந்த மாற்றத்தைச் செய்வது நீங்கள் நிற்கும் தூரம். லென்ஸ் அதை வெட்டிக் காட்டுகிறது, அவ்வளவே. இரண்டில் எது உண்மை என்று கேட்டால், அந்தக் குப்பத்தில் இருப்பவர்களுக்குப் புகைபோக்கி எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்று யோசித்து முடிவு செய்யுங்கள். நான் பெரும்பாலும் நடுவில், 50 மி.மீ பக்கம் நிற்கிறேன்.

கடல் விளிம்பை எங்கே வைப்பது? வானத்தில் மேகம் இல்லாமல் வெறும் சாம்பலாக இருந்தால், வானத்துக்குக் குறைவாகக் கொடு என்று பாடம் சொல்லும். இங்கே அதை மீறிப் பாருங்கள். சட்டகத்தில் ஐந்தில் நான்கு பங்கு வெற்று வானம், அடியில் மெல்லிய கோடாகத் தூண்டில் வளைவு, அதன் நுனியில் தூண்டில் போடும் ஒருவர். வெறுமையும் ஒரு டோன்தான். அந்த வெறுமை முழுதும் ஒரே சாம்பலாக இல்லாமல் மேலிருந்து கீழே மெல்ல வெளுத்துக்கொண்டு வரும். அந்தச் சரிவு படத்தில் தெரிந்தால் நீங்கள் சரியாக எக்ஸ்போஸ் செய்திருக்கிறீர்கள்.

தூண்டில் வளைவின் கற்களில் வேறொரு பயிற்சி. கல் கருப்பு, நுரை வெள்ளை. இங்கே கான்ட்ராஸ்ட் இயல்பாகவே அதிகம், 1-லிருந்து 9 வரை முழு ஏணியும் உண்டு. விடியுமுன் ட்ரைபாடில் வைத்து ஷட்டரை அரை நொடி, ஒரு நொடி, நான்கு நொடி என்று மாற்றி எடுங்கள். அரை நொடியில் அலை இழுத்துக்கொண்டு போகும் கோடுகள் தெரியும். நான்கு நொடியில் நுரை மென்மையான சாம்பலாகிக் கற்கள் மிதக்கும். எனக்குப் பிடித்தது அரை நொடி, தண்ணீருக்கு அப்போதுதான் திசை இருக்கிறது. பாசி படிந்த கல்லில் கால் வைக்காதீர்கள். அலை அடித்து ஈரமாக இருக்கும் கல் வரை இறங்கவும் வேண்டாம். அந்த ஈரம்தான் அடுத்த பெரிய அலை எங்கே வரும் என்பதற்கு அடையாளம்.

காசிமேட்டுக்கு நல்ல காலம் மீன்பிடித் தடைக்காலம், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகாது. படகுகள் நெருக்கிக் கட்டி நிற்கும், பெயின்ட் அடிப்பார்கள், வலை பின்னுவார்கள். ஏல நேரத்து அவசரம் இல்லாததால் ஒரே சட்டகத்தை நிதானமாகத் திருத்தித் திருத்தி எடுக்கலாம். கொடிக்கம்பமும் கயிறும் ஒன்றன்மேல் ஒன்று விழும் காடு அது. அங்கே எதைச் சேர்ப்பது என்று தேடாமல் எதை விடுவது என்று தேடுங்கள்.

ஆறாவது படி: ஊர்க்காரர்களிடம் பேசுவது

நிலக்காட்சிதானே, ஆளிடம் ஏன் கேட்க வேண்டும் என்று நினைக்க வேண்டாம். அந்தச் சேறும் படகும் ஒருவருடைய வேலையிடம். கேமராவை இறக்கிப் பிடித்துக்கொண்டு போய், "அண்ணே, இந்த போட்டை வச்சு ஒரு படம் எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டால் போதும். "எடுத்துக்கோப்பா. அந்தாண்ட மட்டும் போவாத, சேறு, காலு உள்ள பூந்துடும்" என்று பதில் வரும். இந்த ஒரு வரிக்காகவே கேட்கலாம். எங்கே கால் வைக்கலாம், தண்ணீர் எப்போது ஏறும், எந்தப் பக்கம் கண்ணாடிச் சில்லு என்று அவர்களுக்குத்தான் தெரியும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித் தண்ணீர் அதிகம் ஏறும், அதிகம் வற்றும். சேற்றின் கோடுகள் வேண்டுமென்றால் அந்த நாள்களின் வற்று நேரத்தைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

மீன் விற்கும் அக்காமார்கள் "எதுக்குப்பா இது, பேப்பர்ல போடவா?" என்று கேட்பார்கள். உண்மையைச் சொல்லுங்கள். வேண்டாம் என்று கை காட்டினால் உடனே கேமராவை இறக்குங்கள்.

அவர்கள் பட்டதையும் தெரிந்துகொண்டு போங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து இந்த முகத்துவாரம் முழுதும் பரவியது. படகும் வலையும் கருப்பாயின. கரையோரக் கல்லில் ஒரு கருப்புக் கோடு உங்கள் கண்ணுக்கு அழகான டோனாகத் தெரிந்தால், அது என்ன கோடு என்று பக்கத்தில் இருப்பவரிடம் முதலில் கேளுங்கள். படத்துக்கு நீங்கள் எழுதும் வரி அதனால் மாறும்.

துறைமுகம், மின் நிலையம், எண்ணெய்க் கிடங்கு ஆகியவற்றின் வாசலிலும் சுற்றுச்சுவரை ஒட்டியும் கேமராவை எடுக்க வேண்டாம். பாதுகாப்புப் பணியாளர் போ என்றால் வாதாடாமல் கிளம்புங்கள். ட்ரோன் யோசனையே வேண்டாம். ரயில் தண்டவாளத்தில் இறங்குவது குற்றம், ஆபத்தும்கூட.

ஏழாவது படி: திருத்துவது

லைட்ரூம், ஸ்னாப்சீட், எதுவானாலும் சரி. முதல் விதி: மங்கலை நீக்கும் டீஹேஸ் பக்கம் போகாதீர்கள். காலை ஐந்து மணிக்கு எழுந்து போய் எடுத்த மங்கலை ஒரு பொத்தானில் அழிப்பதில் அர்த்தமில்லை. இரண்டாவது, ஆட்டோ பொத்தான். அது ஹிஸ்டோகிராமை இரண்டு சுவர் வரை இழுத்துவிடும். சேறு கருப்பாகும், வானம் வெள்ளையாகும், நடுவில் இருந்த ஆறு அடுக்கு மூன்றாகும்.

கர்வில், அதாவது கருப்பிலிருந்து வெள்ளை வரை ஒவ்வொரு சாம்பலையும் ஏற்றி இறக்கும் வளைகோட்டில், இப்படிச் செய்யுங்கள். கருப்புப் புள்ளியைக் கொஞ்சமாக உள்ளே நகர்த்துங்கள், படகின் அடியில் ஒரு விரலளவு இடம் மட்டும் ஆழமான கருப்பாகும் வரை. அந்தச் சிறு கருப்பு இருந்தால்தான் மற்ற சாம்பல்கள் சாம்பலாகத் தெரியும். வெள்ளை முனையைத் தொட வேண்டாம். பிறகு நடுவில், 5-க்கும் 7-க்கும் இடைப்பட்ட பகுதியில், கர்வை லேசாகச் செங்குத்தாக்குங்கள். தண்ணீர், புகைபோக்கி, வானம் மூன்றும் அங்கேதான் இருக்கின்றன. அந்த இடத்தில் மட்டும் இடைவெளி கூடினால் படம் திறந்துகொள்ளும். ஏற்றியது அதிகமாகிவிட்டதா என்று பார்க்க, பத்து நிமிடம் எழுந்து போய்விட்டு வந்து பாருங்கள்.

கருப்பு வெள்ளைக்கு மாற்றும்போது நிறங்களின் கலவை முக்கியம். காற்றின் மங்கலில் நீலம் அதிகம். மிக்ஸரில் நீலத்தை ஏற்றினால் தூரம் இன்னும் வெளுத்து அடுக்குகள் விலகும். இறக்கினால் தூரம் கருத்து முன்னால் வந்து ஒட்டும். ஏற்றுவதற்கு விலை உண்டு, வானத்தில் புள்ளி புள்ளியாக நாய்ஸ் வரும், அளவோடு செய்யுங்கள். இன்னொன்று, சிவப்புப் படகும் பச்சை வலையும் நிறத்தில் எதிரெதிராக இருந்தாலும் கருப்பு வெள்ளையில் ஒரே சாம்பலாக விழலாம். சிவப்பை ஒரு படி ஏற்றி, பச்சையை ஒரு படி இறக்கினால் பிரிந்துவிடும்.

எல்லாப் படத்தையும் கருப்பு வெள்ளையாக்கவும் வேண்டாம். மங்கலான காலையில் ஒரே ஒரு நீலத் தார்ப்பாய் மட்டும் நிறத்தோடு இருக்கும் காட்சி உண்டு. அதை நிறத்திலேயே விடுங்கள், சாச்சுரேஷனைக் கூட்டாமல்.

எட்டாவது படி: பிரின்ட்

திரையில் டோன் முழுதாகத் தெரியாது. போனின் பிரைட்னஸ் மாறினால் படமே மாறும். மாதக் கடைசியில் ஒரு பத்துப் படத்தை 6-க்கு 8 அளவில், மேட் பேப்பரில் பிரின்ட் போடுங்கள். லேபில் கொடுக்கும்போது "ஆட்டோ கரெக்ஷன் எதுவும் வேண்டாம், ஃபைல்ல இருக்கிறபடியே போடுங்க" என்று தெளிவாகச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் மெஷின் உங்கள் வெளிர் சாம்பலைப் பிழை என்று நினைத்துக் கான்ட்ராஸ்ட் ஏற்றிக் கொடுத்துவிடும்.

பிரின்ட் திரையில் பார்த்ததைவிட இருட்டாக வருவது வழக்கம். ஃபைலை அனுப்புவதற்கு முன் திரையின் பிரைட்னஸைப் பாதியாக்கிப் பாருங்கள், அப்போது இருட்டாகத் தெரிந்தால் எக்ஸ்போஷரைக் கால் ஸ்டாப், அரை ஸ்டாப் ஏற்றுங்கள்.

பத்தையும் பகல் வெளிச்சத்தில் தரையில் பரப்புங்கள். இருட்டானதிலிருந்து வெளுப்பானது வரை வரிசையாக அடுக்குங்கள். வரிசையின் நடுவில் ஓர் இடத்தில் படங்கள் கூட்டமாகச் சேரும். அதுதான் உங்கள் கண் இயல்பாகத் தேடும் டோன். இரு முனையிலும் படம் இல்லாவிட்டால் அடுத்த மாதம் அதை எடுங்கள்: ஒன்று மழை விட்ட மறுநாள், ஒன்று உச்சி வெயில். பிறகு ஒவ்வொரு பிரின்ட்டையும் எடுத்து மூன்று இடம் மட்டும் பாருங்கள். படகின் அடியில் தார் பூச்சின் சுரசுரப்பு தெரிகிறதா, தூரத்துப் புகைபோக்கிக்கும் வானத்துக்கும் நடுவே விளிம்பு இருக்கிறதா, கொக்கின் முதுகில் இறகு தெரிகிறதா. முதலாவது இல்லையென்றால் ஷாடோவைத் தூக்குங்கள், இரண்டாவது இல்லையென்றால் கர்வின் நடுப்பகுதிக்குத் திரும்புங்கள், மூன்றாவது இல்லையென்றால் ஹைலைட்டை இறக்கி மறுபடி பிரின்ட் போடுங்கள். அப்படியும் இறகு வரவில்லை என்றால் எடுக்கும்போதே வெள்ளை எரிந்துபோயிருக்கிறது. அந்தக் காட்சியை இன்னொரு காலை, மூன்றில் ஒரு ஸ்டாப் குறைத்து எடுக்க வேண்டும்.